வெயில் கம்பெனியின் கடைசிச் சுருள்

ஆகஸ்ட் 5, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் வேறு யார் வாயிலாவது கேட்டு நீ சிரித்து முடித்திருப்பாய். நாற்பத்தேழு வயதில் உன் அண்ணன் மீசைக்கு மை தடவ ஆரம்பித்திருக்கிறான். அதுவும் கடையில் விற்கிற மை இல்லை. நம் பேசாத படத்துக்கு எழுத்து அட்டை எழுதக் கலக்கி வைத்திருக்கிறேனே, அந்தக் கறுப்பு மை. காய்ந்ததும் மீசை விறைத்துக்கொண்டு நிற்கிறது. சிரித்தால் வலிக்கிறது. நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய இடைஞ்சல் என்று யோசித்துப் பார்.

காரணம் நம் கதாநாயகிதான். தையல்காரி. படகுக் காட்சி எடுத்த அன்று நீயும் மாப்பிள்ளையும் ஆற்றங்கரையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள், அதனால் கவனித்திருக்க மாட்டாய். படகிலிருந்து இறங்கி நேராக வந்தாள். படித்துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் என் சாப்பாட்டு டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, பாதியைத் தின்றுவிட்டுப் போனாள். இரண்டு படத்திலும் என்னிடம் "கத்தரிக்கோல் எங்க?" என்பதற்கு மேல் பேசாத பெண். ஒரு பெண் ஓர் ஆணின் டப்பாவில் கேட்காமல் கை வைத்தால் அதற்கு என்ன அர்த்தம்? நீயும் ஒரு பெண்தானே, யோசித்து எழுது.

இனி வீட்டு விஷயம். படத்தின் ஏழு சுருளையும் மடியில் வைத்துக்கொண்டு நீ ரயில் ஏறிய பிறகுதான் மாப்பிள்ளை எழுந்தார். அடுப்பு ஆறிக் கிடப்பதைப் பார்த்தார். கொக்கியில் உன் கறுப்புச் சால்வை இல்லாததைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "பெட்டிய வெயில் படுற ஜன்னல் பக்கம் வச்சிடலையே மச்சான்?" பிலிம் சூடானால் பற்றிக்கொள்ளும் என்ற கவலை. பொண்டாட்டி பற்றிக்கொண்டது தெரியவில்லை. அன்றிலிருந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். இன்னும் நாலு நாள் துடைத்தால் அது தேய்ந்து பொட்டுக் கண்ணாடி ஆகிவிடும்.

சலவைக்கூடத்து அம்மா நேற்று என்னை முற்றத்தில் பிடித்து நிறுத்திக்கொண்டார். துணி காயப்போடும் இடத்தைப் படம் எடுக்கக் கொடுத்து, ஈர வெள்ளை விரிப்புகளைக் கொடிகளில் தொங்கவிட்டு வெளிச்சத்தைத் திருப்பிக்கொள்ளவும் விட்ட புண்ணியவதி. அவருக்குக் கேட்க உரிமை உண்டு. உன் தங்கச்சி கோபித்துக்கொண்டு போய்விட்டாளாமே என்றார். படத்தை விற்கப் போயிருக்கிறாள் என்றேன். அதற்குப் புருஷனிடம் சொல்லாமலா போவார்கள் என்றார். வாய் அசைவதைப் பார்த்து அட்டையில் வசனம் எழுதச் சொன்னால் எழுதுவேன். வாயே அசைக்காத இரண்டு பேருக்கு நான் என்னத்தை எழுதுவேன்?

தெருவில் எல்லாரும் நம்மை 'வெயில் கம்பெனி' என்றுதான் சொல்கிறார்கள், வெயில் இருந்தால்தான் வேலை என்பதால். கேலிதான். ஆனால் தையல்காரியைக் கதாநாயகி ஆக்கி, போட்டோ பிடித்துக்கொண்டிருந்த மனுஷனைப் படம் பிடிக்க வைத்து, உதவாக்கரை அண்ணனுக்கு ஒரு பேனாவும் கொடுத்து, ஒரு பெண் பிள்ளை இரண்டு படம் எடுத்து முடித்துவிட்டாள் என்பதைச் சொல்லும்போது அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. முதல் படம் இந்த ஊர்க் கூடாரத்தோடு நின்றுவிட்டது. இந்த இரண்டாவது அங்கே பட்டணத்தில் ஓடினால்தான் மூன்றாவது. அதை நான் சொல்லி நீ தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

கடிதம் போடு. மாப்பிள்ளைக்கும் ஒரு வரி போடு.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 9, வியாழன்

அண்ணா,

மீசையைக் கழுவு. அட்டை மையில் என்னவெல்லாம் சேர்க்கிறாய் என்று எனக்குத் தெரியும். தோல் உரிந்து வந்துவிடும்.

தையல்காரி பசியில் தின்றிருப்பாள். இதற்கு மேல் அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் இருக்கிறேன். ஒரு ஜன்னல், ஒரு கட்டில், கட்டிலுக்கு அடியில் ஈரத் துணி சுற்றிய ஏழு தகரப் பெட்டி. நானும் பெட்டிகளும் சுகம். கேட்டவரிடம் சொல்லிவிடு.

பெரிய கொட்டகைக்காரருக்குப் படத்தைப் போட்டுக் காட்டினேன். பேச்சுக்குப் பேச்சு நாற்காலியைப் பற்றியே பேசுகிறார், அதனால் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர் வைத்திருக்கிறேன். "இது நாற்காலி தாங்குற படம்", "அது நாற்காலி தாங்காத படம்." ஆபரேட்டர் ஒரு தடித்த மனுஷன். இடது கையால் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே வலது கையால் கடலை தின்கிறார். சுற்று ஒரு சீராக வருகிறது. உன் மாப்பிள்ளை பார்த்தால் மரியாதையாக எழுந்து நிற்பார்.

ஆறு சுருள் வரைக்கும் நாற்காலிக்காரர் அசையவில்லை. படத்தில் அவள் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் படகில் ஏறி உட்காரும்போது மூக்கை உறிஞ்சினார். ஏழாவது சுருள் சின்னது, வெறும் படகுதான். அவள் கரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள், படகு போய்க்கொண்டே இருக்கிறது, ஒரு புள்ளியாகிறது, முடிந்தது. விளக்கைப் போட்டார்கள். "அவ திரும்பி வரணும்மா" என்றார். "போயிட்டான்னா ஜனங்க நாற்காலிய உடைப்பாங்க. திரும்பி வர்ற மாதிரி ஒரு சுருள் கொண்டா. இருபத்தி நாலாம் தேதி வெள்ளிக்கிழமை போடுறேன். இல்லன்னா பெட்டியக் கட்டிக்கோ."

அவள் எதற்கு அண்ணா திரும்பி வரவேண்டும்? அந்த வீட்டில் அவளை யார் தேடப்போகிறார்கள்? இதைத்தானே அன்றைக்குக் கரையிலும் கேட்டேன். "வந்துதான் ஆகணும், போறது எல்லாம் ஒரு முடிவா?" என்று கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே சொன்னார் உன் மாப்பிள்ளை. இப்போது அவர் பக்கம் ஒரு ஆள் சேர்ந்துவிட்டது. சொல்லு, சந்தோஷப்படட்டும்.

அன்றைக்குப் படகை எடுக்கும்போது பாட்டை நடுவில் நிறுத்தியது நான்தான். நிறுத்தியிருக்கக் கூடாது. அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம்.

தங்கை

*

ஆகஸ்ட் 13, திங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

மீசையைக் கழுவினேன். பாதிதான் போனது. இப்போது ஒரு பக்கம் இளமை, ஒரு பக்கம் அனுபவம்.

சொல்ல வேண்டாம் என்று நீ எழுதியதை மட்டும் மாப்பிள்ளையிடம் சொன்னேன், சொல்லச் சொன்னதை மறந்துவிட்டேன். எனக்கு எப்போதும் இப்படித்தான் நடக்கிறது. முற்றத்தில் காமிராவின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டை நிறுத்தியது தப்பு என்று தங்கச்சி ஒப்புக்கொண்டாள் என்றேன். கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

நம் கம்பெனி வேலை செய்கிற விதத்தை வெளியில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். பேசாத படத்துக்கு ஒரு பாட்டுக்காரி. காமிராவுக்குப் பக்கத்தில் நின்று நீ பாடுவாய், அந்தத் தாளத்துக்கு அவர் கைப்பிடியைச் சுற்றுவார். பாட்டு படத்தில் வராது. ஆனால் சுற்று பிசகாது. உலகத்தில் வேறு எந்தக் கம்பெனியும் இப்படிச் செய்கிறதா என்று எனக்குத் தெரியாது. செய்தால் அவர்களும் புருஷன் பெண்டாட்டியாகத்தான் இருக்க வேண்டும்.

துணியைக் கீழே வைத்துவிட்டு மாப்பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவ பாட்ட நிறுத்தினதும் கை என் பேச்சக் கேக்கல மச்சான். கோவத்துல பேய் மாதிரி சுத்திட்டேன். வெட்டிப் போட்டுடலாம்னு இருந்தேன். கழுவி எடுத்துப் பார்த்தா, எடுத்ததுலயே அதுதான் நல்லா வந்திருக்கு."

எனக்கு உடனே புரியவில்லை. பிறகு விளக்கினார். எடுக்கும்போது வேகமாகச் சுற்றினால் பார்க்கும்போது மெதுவாகத் தெரியுமாம். அதனால்தான் அந்தப் படகு தண்ணீரில் போவது போலவே இல்லை, யாரோ மனசில்லாமல் இழுத்துக்கொண்டு போவது போலப் போகிறது. தையல்காரியின் கண் மூடித் திறக்க ஒரு யுகம் ஆகிறது. கூடாரத்தில் முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, நீ பெரிய ஆள்தான் என்று நினைத்தேன். பார்த்தால் உன் கோபமும் அவர் கோபமும் சேர்ந்து எடுத்த காட்சி அது. இந்த வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டைகளையெல்லாம் இப்படி உபயோகித்திருந்தால் நாம் பத்துப் படம் எடுத்திருக்கலாம்.

புதிதாகச் சுருள் எடுத்து அனுப்புவது நடக்காது. இங்கே வெயிலே இல்லை. நாலு நாளாக மழை, ஆறு கலங்கிப் படித்துறை முழுகிவிட்டது. சலவைக்கூடத்தில் விரிப்புகள் காயாமல் அந்த அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறார். நாமும் அவரும் ஒரே முதலாளியிடம்தானே வேலை பார்க்கிறோம்.

உன் நாற்காலிக்காரருக்கு ஒரே வழிதான் இருக்கிறது. கடைசிச் சுருளை அந்தக் கடலைக்கார ஆபரேட்டரைப் பின்பக்கமாகச் சுற்றச் சொல். போன படகு திரும்பி வந்துவிடும். நம் முதல் படம் முடிந்ததும் குழந்தைகளுக்காக இடிந்த சுவரை எழும்ப வைத்துக் காட்டுவோமே, அது மாதிரி. நடுவில் வருகிற என் அட்டையைப் பற்றிக் கவலைப்படாதே. 'கரை பெரிதா, ஆறு பெரிதா?' என்பது முன்னால் வந்தாலும் பின்னால் வந்தாலும் ஒன்றுதான். எந்தப் பக்கம் வந்தாலும் அதற்கு அர்த்தம் கிடையாது.

விளையாட்டுக்குத்தான் எழுதினேன். அடிக்க வராதே.

அண்ணன்

*

ஆகஸ்ட் 17, வெள்ளி

அண்ணா,

நீ விளையாட்டுக்கு எழுதினாய். நான் கோபத்தில் செய்துவிட்டேன்.

"திரும்பித்தானே வரணும்? இந்தாங்க" என்று நாற்காலிக்காரரைக் காலியான கொட்டகையில் உட்கார வைத்தேன். ஆபரேட்டரிடம் கடைசிச் சுருளைப் பின்பக்கமாகச் சுற்றச் சொன்னேன். அந்த மனுஷன் கடலையைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் சுற்ற ஆரம்பித்தார். கிண்டலாக முடியும், நாற்காலிக்காரர் வெட்கப்படுவார் என்று நினைத்தேன்.

அக்கரைச் சூளையின் புகை மேலிருந்து இறங்கிப் புகைபோக்கிக்குள் நுழைந்தது. வாத்துகள் பின்னுக்கு நீந்தின. துடுப்பு தண்ணீரைத் தெளிக்காமல் பொறுக்கி எடுத்தது. நான் வெட்டச் சொல்லியும் உன் மாப்பிள்ளை வெட்டாமல் விட்ட அந்த நாய் வால் இருக்கிறதே, இடது மூலையில் நுனி மட்டும் தெரியுமே, அது ஒன்றுதான் எப்போதும் போல ஆடிக்கொண்டிருந்தது. எல்லாமே சிரிப்புத்தான். நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன்.

அப்புறம் புள்ளி படகானது. படகில் அவள் முகம் வந்தது. மெதுவாக, மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. கரையையே பார்க்கிறாள். கண்ணை எடுக்கவில்லை. ஒரு பொருளை இழந்தவள் அதைத் திரும்பப் பார்க்கிற மாதிரி இருந்தது. போகும்போதும் இதே முகம்தான் அண்ணா. நானே எடுத்தது, எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். வரும்போது அது வேறு முகம். எனக்கு வாய் மூடிக்கொண்டது.

நாற்காலிக்காரர் எழுந்து நின்றார். "இதத்தானம்மா நான் அன்னிக்கே கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

விடுதிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஒரு கைப்பிடியைத் திருப்பினால் என் கதை திரும்பிவிடுகிறது. அவள் கதவைச் சாத்திவிட்டுப் போனதற்கு என்ன மதிப்பு? நான் இந்த ஊருக்கு வந்ததற்கு என்ன மதிப்பு? ஒப்புக்கொண்டால் படம் ஓடும், கம்பெனி பிழைக்கும். ஒப்புக்கொள்ளாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும். எப்படியும் யாரோ ஒருத்தி திரும்பி வந்துதான் ஆகவேண்டும் போலிருக்கிறது.

புதன்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவரைக் கேள். என்ன சொல்கிறார் என்று கேட்டு எழுது.

தங்கை

*

ஆகஸ்ட் 20, திங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். 'அவரைக் கேள்' என்ற இடம் வந்ததும் அதை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். மூன்றாவது தடவை கேட்டபோது காகிதத்தையே கையில் கொடுத்துவிட்டேன்.

குதிப்பார் என்று எதிர்பார்த்தேன், தான் கேட்ட முடிவு கிடைத்துவிட்டதே என்று. மனுஷன் முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்:

"வரணும்னு சொன்னது நான். ஆனா அது அவ படம் மச்சான். அவ போகணும்னா போகட்டும். எவனோ ஒருத்தன் கைப்பிடியத் திருப்பி அவள இழுத்துட்டு வர்றதா? பின்னால சுத்த வேண்டாம்னு சொல்லுங்க. பெட்டியக் கட்டிட்டு வரச் சொல்லுங்க, பரவாயில்ல."

அப்படியே எழுதுகிறேன் என்றேன். நீங்கள் எழுதினால் நடுவில் ஒரு தமாஷைச் சேர்ப்பீர்கள், நானே போகிறேன் என்றார். சட்டையை மாட்டிக்கொண்டார். உன் புருஷன் ஊருக்குப் போவதை நீ பார்த்ததில்லை, நான் இப்போதுதான் பார்த்தேன். மாற்று வேட்டி எடுக்கவில்லை. சீப்பு எடுக்கவில்லை. லென்ஸைத் துடைக்கிற துணியை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மழையில் நனைந்துகொண்டே போய்விட்டார். பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்கள் நின்று நின்று போகின்றனவாம். புதன்கிழமைக்குள் வந்து சேர்வாரா என்று தெரியாது. இந்தக் கடிதமும் அதே பாதையில்தான் வருகிறது. இரண்டில் எது முதலில் வந்தாலும் விஷயம் ஒன்றுதான்.

எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்காததால் ஓசியில் தருகிறேன். நீ எது செய்தாலும் சரி. உன்னைப் பற்றி நான் எழுதுகிற கட்டுரைகளில் உன்னைக் கேலி செய்வேன், அது என் பிழைப்பு. ஆனால் நம் குடும்பத்தில் இதுவரை ஒருவரும் ஒரு காரியத்தையும் தொடங்கியதில்லை. அப்பா முடித்துவைப்பதில் கெட்டிக்காரர், நான் தள்ளிப்போடுவதில். நீ ஒருத்திதான் தொடங்கினாய். முற்றத்தில் விரிப்புகளுக்கு நடுவில் நின்று "வெயில் வந்திருச்சு, எல்லாரும் நில்லுங்க" என்று நீ கூப்பிடும்போது தெருவில் போகிற வண்டிக்காரர்கூட வண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து நிற்பார். எதற்கு நிற்கிறார் என்று அவருக்கும் தெரியாது.

தையல்காரி நேற்று வந்தாள். நீ விட்டுவிட்டுப் போன ரவிக்கைக்குப் பித்தான் தைத்துக் கொடுத்தாள். உட்காரச் சொன்னேன். என் மீசையைப் பார்த்துவிட்டு நின்றபடியே போய்விட்டாள்.

அண்ணன்

*

ஆகஸ்ட் 27, திங்கள்

அண்ணா,

உன் கடிதமும் அவரும் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தீர்கள். கடிதம் காலையில், அவர் படம் தொடங்கிய பிறகு. அதற்கு முன்னாலேயே புதன்கிழமை நான் நாற்காலிக்காரரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு விடுதிக்கு வந்து முகம் கழுவினேன், வேறு எதுவும் செய்யவில்லை.

ஐந்தாவது சுருள் ஓடும்போது யாரோ இருட்டில் தடவித் தடவி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். ஈரத்துணி வாடை. லென்ஸ் துணியால் முகத்தைத் துடைக்கிற சத்தத்தில்தான் யாரென்று தெரிந்தது. "பின்னால சுத்தச் சொல்லிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். "நான் வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார். தெரியும், கடிதம் வந்தது என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

கடைசிச் சுருள் வந்தது. மேடைக்குக் கீழே வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், ஆனால் எந்த இடத்தில் எதை வாசிப்பது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் ஒரு சத்தம் இல்லை. படகு வர ஆரம்பித்தது. என்னை அறியாமல் அன்றைக்கு நான் நிறுத்திய இடத்திலிருந்து பாட்டை எடுத்தேன். வாய்க்குள்ளேதான். அவர் கை முழங்காலின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பின்பக்கமாக.

ஜனங்கள் அழுதார்கள் அண்ணா. முன்வரிசைச் சுமைக்காரர்கள் அழுதார்கள். ஒரு நாற்காலியும் உடையவில்லை. நாற்காலிக்காரர் வாசலில் நின்று, தானே அவளைப் படகில் கூட்டிக்கொண்டு வந்தவர் போல எல்லோரிடமும் கும்பிடு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒருவர் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறார். அந்த முகத்தில் பிரிவு, பரிதவிப்பு, மன்னிப்பு மூன்றும் ஒரே சமயத்தில் குடியிருக்கின்றனவாம். மூலையில் ஆடும் நாய் வால், காத்திருக்கும் வீட்டின் விசுவாசத்தைக் காட்டுகிறதாம். இயக்கியவரின் நுட்பமாம். வெட்டச் சொன்னது நான் என்று அவர் முகவரிக்கு எழுதலாமா என்று பார்க்கிறேன்.

இன்னொன்று. கண்ணாடிக் கூரைக் கம்பெனியிலிருந்து இன்று ஆட்கள் வந்தார்கள். வெயில், மழை எதற்கும் நிற்காமல் படம் எடுக்கிறவர்கள். காமிராவுக்கு அவர் வேண்டுமாம். "பாட்டு இல்லாம எனக்குக் கை ஓடாது" என்றார் அவர். வந்தவர்கள் முழித்தார்கள். பேசாத படத்துக்குப் பாட்டு எதற்கு என்று கேட்டார்கள். "அப்ப இவங்களையும் கூப்பிடுங்க. படம் எடுக்கிறது இவங்க, நான் சுத்துறவன்" என்றார். நாளைக்குப் பதில் சொல்கிறோம் என்று போயிருக்கிறார்கள்.

இதற்கு ஒப்புக்கொண்டால் வெயில் கம்பெனி இல்லை. தெரிந்துதான் எழுதுகிறேன்.

தங்கை

*

செப்டம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சிக்கு,

கண்ணாடிக் கூரையின் கீழ் உன் பெயரையும் ஒரு கதவில் எழுதிவிட்டார்கள் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். தனக்குக் கதவு கிடைத்ததா என்பதை எழுதவில்லை. அந்த மனுஷன் அப்படித்தான்.

இங்கே கம்பெனியை மூடினோம். மூட என்ன இருக்கிறது, கதவா ஜன்னலா? கொடியிலிருந்து விரிப்புகளை எடுத்தோம், முற்றம் முற்றமாகிவிட்டது. ஆஸ்பத்திரித் துணியெல்லாம் இனிமேல் சலவைக்கூடத்துக்கு வரப்போகிறதாம், அந்த அம்மாவுக்கும் இடம் வேண்டும். ஆனாலும் பழைய இடத்தில் காமிராவின் முக்காலி நின்ற மூன்று குழியையும் மூட விடமாட்டேன் என்கிறார். தண்ணீர் தேங்கினால் தேங்கட்டுமாம். பெயர்ப் பலகையைக் கேட்டு வாங்கித் தண்ணீர்த் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறார். தினமும் காலையில் வெயில் கம்பெனியைத் தூக்கிவிட்டுத்தான் வாளியைப் போடுகிறார்கள்.

இரண்டே படம். வயதுக்கு வருவதற்குள் முடிந்துபோன கம்பெனி. ஆனால் நான் இந்தத் தெருவில் நடந்தால் இப்போது ஆட்கள் வணக்கம் சொல்கிறார்கள், "எழுத்து அட்டைக்காரர் போறார் பாரு" என்று. நாற்பத்தேழு வருஷத்தில் என்னை யாரும் எந்த வேலையின் பெயராலும் கூப்பிட்டதில்லை. அதற்கு உனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். சொல்ல வராது, அதனால் எழுதிவிட்டேன்.

படம் மூன்றாவது வாரமாக ஓடுவதைக் கேட்டேன். உன் முடிவா, மாப்பிள்ளை முடிவா என்று தெரு இரண்டாகப் பிரிந்து வாதம் நடக்கிறது. தையல்காரியும் உன் கம்பெனிக்கே வரப்போகிறாள் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இந்தக் கடிதம் வருவதற்குள் அங்கே வந்து சேர்ந்திருப்பாள். ரயிலடிக்குப் போய் மூட்டையைத் தூக்கி வைத்தேன். சுத்தமான மீசையோடு போனேன். அதாவது நரைத்த மீசையோடு. பத்திரமா இருங்க என்றாள்.

தங்கச்சி, ஒரு விஷயம் கேட்பேன், சிரிக்கக் கூடாது. பத்திரிகைக்காரர் அந்த முகத்தைப் பற்றி எழுதியதை நான் வெட்டி வைத்துப் பல தடவை படித்தேன். அவள் எதையோ இழந்தவள் போலப் பார்க்கிறாள் என்று நீயே எழுதியிருந்தாய். எல்லோரும் கரையைப் பார்க்கிறாள், கரையைப் பார்க்கிறாள் என்கிறார்கள். கரையில் என்ன இருந்தது? நீ இருந்தாய், மாப்பிள்ளை இருந்தார், சண்டை போட்டுக்கொண்டு. அப்புறம் படித்துறையில், இடது பக்கமாக, ஒரு மனிதன் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். படகு கரைக்கு வந்ததும் அவள் நேராக அந்த மனிதனிடம்தான் வந்தாள். நான் எதையும் முடிவு செய்யவில்லை. கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

அவளிடம் பக்குவமாகக் கேட்டுப் பார். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம். அப்படி எதுவும் இருந்தால் அடுத்த ரயிலுக்கு நான் வருகிறேன். இல்லாவிட்டால் எனக்கு இங்கே கட்டுரை எழுத வேண்டிய வேலை இருக்கிறது.

அண்ணன்

*

செப்டம்பர் 14, வெள்ளி

அண்ணா,

இரண்டு விஷயம். உட்கார்ந்துகொண்டு படி.

நேற்று இரண்டு பேரும் பெரிய கொட்டகைப் பக்கம் போனோம். ஆபரேட்டருக்கு வணக்கம் சொல்லலாம் என்று இவர் மாடிக்குக் கூட்டிப் போனார். மனுஷன் கடலை கொடுத்தார். பேச்சுவாக்கில் சொல்கிறார், பின்பக்கமாகச் சுற்றினால் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கிறது, அதனால் மூன்றாம் நாளிலிருந்து கடைசிச் சுருளையும் நேராகத்தான் ஓட்டுகிறேன் என்று. அப்படியென்றால் முதல் இரண்டு நாளைத் தவிர இந்த மூன்று வாரமும் அவள் திரும்பி வரவே இல்லை, போய்க்கொண்டுதான் இருக்கிறாள். ஜனங்கள் அதே இடத்தில் அதே அழுகை அழுகிறார்களாம். ஒருவரும் வித்தியாசம் கேட்கவில்லை. நாற்காலிக்காரர் தினமும் வந்து பார்த்துவிட்டு, "திரும்பி வர்றா பாரு, அங்கதான் படமே இருக்கு" என்று எல்லோருக்கும் சொல்கிறாராம்.

மாடிப்படியில் இறங்கும்போது இவர் நின்றார். "நாம எதுக்குச் சண்ட போட்டோம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டோம். ஜனங்கள் போவதையும் பார்க்கவில்லை, வருவதையும் பார்க்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒரு முகத்தை எடுத்ததற்காகவே நம் கம்பெனி பிறந்தது வீண் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் இன்று காலை தையல்காரியைக் கேட்டேன். பக்குவமாகத்தான். படகில் போகும்போது கரையில் எதைம்மா அப்படிப் பார்த்தாய் என்றேன். கையிலிருந்த ஊசியைத் துணியில் குத்திவிட்டு நிமிர்ந்தாள். இத்தனை நாள் யாரும் கேட்கவே இல்லையே என்று ஒரு மாதிரி சந்தோஷப்பட்டாள்.

"படித்துறையில என் சாப்பாட்டு மூட்டைய வச்சிட்டுப் படகுல ஏறினேன்க்கா. ஏறி உட்கார்ந்து திரும்பினா, அந்த நாய் அதப் பிரிச்சிட்டிருக்கு. காமிரா ஓடும்போது வாயத் திறக்கக் கூடாதுன்னு நீங்கதான சொல்லியிருக்கீங்க. என்ன செய்யிறது, பார்த்துக்கிட்டே போனேன். அவிச்ச முட்டை வச்சிருந்தேன்க்கா."

அதனால்தான் இறங்கி வந்ததும் உன் டப்பாவை இழுத்துக்கொண்டாளாம். அதில் உப்பு போதவில்லை என்றும் சொன்னாள்.

தங்கை